அம்மாவோடு ஒரு வட்ட நடை: ஆல்ட்பரி, ஷியர், ஷோரம்

அம்மா லண்டன் வந்து ஐந்து வாரம் ஆகிறது. தேம்ஸ் கரை, அருங்காட்சியகங்கள், கோயில், பூங்கா எல்லாம் பார்த்தாயிற்று. போன வாரம் ரயிலில் போகும்போது ஜன்னலோரம் உட்கார்ந்து வெளியே ஓடிய கோதுமை வயல்களையே பார்த்துக்கொண்டு வந்தார். "இந்த வயக்காட்டுக்குள்ள எல்லாம் நம்மள விடுவாங்களா?" என்று கேட்டார். விடுவார்கள் என்றேன். அப்படியானால் கூட்டிக்கொண்டு போ என்றார்.

ஜூலையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை போவதாக முடிவு. அம்மாவுக்கு 69 வயது. சமதரையில் ஒரு மணி நேரம் அலுக்காமல் நடப்பார். ஏறுவதையும் சமாளித்துவிடுவார், இறக்கம்தான் இடது முழங்காலைப் பிடித்துக்கொள்ளும். கூட அக்கா, அக்காவின் ஒன்பது வயது மகள், நான். கார் கிடையாது. ஒரே நாளில் காடு, வயல், கிராமம் மூன்றும் பார்க்க வேண்டும், புறப்பட்ட ரயில் நிலையத்துக்கே வந்து சேர வேண்டும். பல வருடங்களாக லண்டனைச் சுற்றி நடந்து பழகியவன் என்பதால் என்னிடம் மூன்று வட்டங்கள் கைவசம் இருந்தன. அவற்றை எப்படி எடைபோட்டேன் என்று எழுதிவைக்கிறேன். வயதானவர்களையும் குழந்தைகளையும் அழைத்துப் போக நினைக்கும் வேறு வீடுகளுக்கும் இதே குழப்பம் வரும்.

"சுத்தி வந்து அதே இடத்துக்கா?" என்று அக்கா கேட்டாள். அம்மாவுக்கு அதில் கேள்வியே எழவில்லை. திருவண்ணாமலையில் 14 கிலோமீட்டர் கிரிவலம் போனவருக்கு வலம் வருவதன் சுகத்தை விளக்க வேண்டியதில்லை. இங்கே அதற்கு நடைமுறைக் காரணம் ஒன்றும் உண்டு: வந்த பாதையையே திரும்ப மிதிக்காமல், ஒரே நிலையத்துக்குப் போய்வரும் டிக்கெட்டோடு வேலை முடிந்துவிடும்.

முதலில் அம்மாவின் கேள்விக்கு ஒழுங்கான பதில். இங்கிலாந்தில் தனியார் வயலுக்கு நடுவே நடந்துபோக நமக்கு உரிமை உண்டு. வழி தவறிப் புகுந்தவனைப் போலக் கூச வேண்டாம். 1949ஆம் வருடச் சட்டத்தின்படி ஒவ்வொரு கவுண்டியிலும், அதாவது மாவட்டத்திலும், பொதுப்பாதைகளைக் கணக்கெடுத்து வரைபடத்தில் ஏற்றினார்கள். கம்பங்களில் மஞ்சள் அம்பு இருந்தால் நடப்பவர்களுக்கு, நீல அம்பு இருந்தால் குதிரைக்கும் சைக்கிளுக்கும் சேர்த்து. அரசு நில அளவை நிறுவனமான ஆர்ட்னன்ஸ் சர்வேயின் எக்ஸ்புளோரர் வரைபடத்தில் இவை பச்சைப் புள்ளிக்கோடுகளாகத் தெரியும். வயலின் குறுக்கே போகும் பாதையை விவசாயி உழலாம். ஆனால் விதைப்புக்காக உழுத 14 நாளுக்குள் அதை மறுபடி நடக்கத் தக்கதாக்கி, குறைந்தது ஒரு மீட்டர் அகலம் விட்டுவைக்க வேண்டும். இடுப்பளவு கோதுமைக்கு நடுவே வகிடு எடுத்ததுபோல ஒரு கோடு போகும், அதுதான் நம் வழி. பயிரை மிதித்துவிடுவோமோ என்று ஒதுங்கி வரப்பில் சுற்றிப் போகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்த மரியாதை நல்லதுதான், ஆனால் அப்படிச் சுற்றும்போதுதான் உரிமை இல்லாத நிலத்தில் கால் வைக்கிறோம்.

இனி வட்டங்கள்.

என் மனதுக்கு மிக நெருக்கமானது ஆல்ட்பரி. லண்டன் யூஸ்டன் நிலையத்திலிருந்து முக்கால் மணி நேரத்துக்குள் ட்ரிங் நிலையம். அந்த நிலையம் ட்ரிங் ஊரிலிருந்து தள்ளித்தான் இருக்கிறது, ஆல்ட்பரி கிராமம் அதைவிடப் பக்கம், சுமார் ஒன்றரை கிலோமீட்டர்தான். குளம், அதில் வாத்துகள், குளக்கரையில் அந்தக் காலத்தில் குற்றவாளிகளின் காலைப் பூட்டிவைத்த மரத்தொழு, பக்கத்திலேயே சவுக்கடிக் கம்பம். குளத்தைச் சுற்றி வீடுகள். ஊருக்கு மேலே செங்குத்தாக ஏறினால் ஆஷ்ரிட்ஜ் காடு, நேஷனல் டிரஸ்ட் என்ற பாதுகாப்பு அறக்கட்டளையின் பராமரிப்பில் இருக்கிறது. பீச் (beech, பழம் தரும் peach அல்ல) மரங்கள் கூரை போட்டதுபோல நிற்கும். கோடையில் அடியில் வெயில் விழாது, புல்கூட அதிகம் முளைக்காது, பழைய சருகு மட்டும் மெத்தை மாதிரி. காட்டின் விளிம்பில் பிரிட்ஜ்வாட்டர் பிரபுவுக்காக 1832இல் எழுப்பிய தூண் நிற்கிறது, உள்ளே 172 படிகள். மான்செஸ்டர் பக்கம் நிலக்கரி கொண்டுபோகக் கால்வாய் வெட்டியவர் அவர். ட்ரிங் நிலையத்தின் அருகிலேயே கிராண்ட் யூனியன் கால்வாய் ஓடுவதால், கால்வாயில் தொடங்கி கால்வாய்ப் பிரபுவின் தூணுக்குப் போகிறோம் என்று அக்கா மகளிடம் கதை சொல்லிக்கொண்டே ஏற்றிவிடலாம்.

தூணிலிருந்து மலைமுகட்டுக் காட்டுக்குள்ளேயே வடக்கே போய், வயல்பக்கம் இறங்கி, ரிட்ஜ்வே என்கிற பழம்பாதையைப் பிடித்து நிலையத்துக்குத் திரும்பினால் சுமார் 8 கிலோமீட்டர். காலில் பலம் உள்ளவர்கள் ஐவிங்கோ பீக்கன் வரை நீட்டலாம். 139 கிலோமீட்டர் ரிட்ஜ்வே முடிகிற அந்தக் குன்றின் உச்சியில் நின்றால் வடக்கே தரை தட்டையாகத் தொடுவானம்வரை விரியும். அப்படி நீட்டினால் 14 கிலோமீட்டர் ஆகிவிடும், எங்கள் கூட்டத்துக்கு அது சரிவராது.

வானத்தையும் சொல்ல வேண்டும். பிளவுபட்ட வாலோடு ரெட் கைட் பருந்துகள் இந்தச் சில்டர்ன் குன்றுகளின்மேல் வட்டமிட்டுக்கொண்டே இருக்கும். இங்கிலாந்தில் அற்றே போயிருந்த இனம். 1989 முதல் 1994 வரை ஸ்பெயினிலிருந்து கொண்டுவந்து இங்கே விட்டார்கள். இன்று தலைக்கு மேலே பத்துப் பதினைந்தை ஒன்றாகப் பார்க்கலாம். அம்மாவுக்கு இதைக் காட்ட வேண்டும் என்று எனக்குக் கொள்ளை ஆசை.

ஆனால் ஆல்ட்பரிக்கு இரண்டு குறை. ஒன்று ஏற்ற இறக்கம். ஊரிலிருந்து தூண்வரை எண்பது, தொண்ணூறு மீட்டர் உயரத்தை ஒரு கிலோமீட்டருக்குள் ஏற வேண்டும், பிறகு எந்தப் பக்கம் போனாலும் ஓரிடத்தில் அதை இறங்கித்தான் தீர வேண்டும். இன்னொன்று மண். இங்கே அடியில் சுண்ணாம்புப் பாறை, குன்றின் தலையில் மட்டும் சிக்கிமுக்கிக் கல் கலந்த களிமண் போர்வை. மழை பெய்த வாரத்தில் அந்தக் களி கணுக்கால்வரை பிடித்து இழுக்கும். இறக்கத்தில் நனைந்த சுண்ணாம்பு சோப்புப்போல வழுக்கும். ஏற்றம் எத்தனை மீட்டர் என்று எல்லோரும் பார்க்கிறார்கள், காலடி மண் எது என்று யாரும் பார்ப்பதில்லை. முழங்கால் வலிக்காரருக்கு இரண்டாவதுதான் முக்கியம்.

மண்ணைப் பொறுத்தவரை இரண்டாவது வட்டமான ஷியரை அடிக்க ஆளில்லை. சரே குன்றுகளில் காம்ஷல் நிலையத்தில் இறங்கி, டில்லிங்போர்ன் ஓடையை ஒட்டி ஷியர் கிராமம், அங்கிருந்து தெற்கே ஹர்ட்வுட் காடு, பீஸ்லேக் கிராமம், வயல்களும் மேய்ச்சல் நிலமும் வழியாகத் திரும்பிக் காம்ஷல். ஏறத்தாழ 10 கிலோமீட்டர். ஹர்ட்வுட் முழுக்க மணல். எவ்வளவு மழை கொட்டினாலும் மறுநாள் காலை தரை காய்ந்துகிடக்கும். பைன் மரங்களும் புதர்க்காடும். ஜனவரியிலும் சேறு படாத செருப்போடு வீடு வந்த நடை என் நினைவில் இது ஒன்றுதான். காட்டுக்குப் பின்னால் ஒரு நல்ல செய்தியும் உண்டு: நிலத்தின் சொந்தக்காரரே 1926இல் சட்டப்படி பொதுமக்கள் நடமாடத் திறந்துவிட்ட காடு இது. பாதையில்தான் நடக்க வேண்டும் என்ற கட்டாயம் இங்கே இல்லை.

ஷியரில் ஓடை குழந்தைகளின் முழங்காலுக்குக் கீழே ஓடும், சூடான நாளில் அதை விட்டு அவர்களைக் கிளப்புவது பெரும்பாடு. தேவாலயத்தின் வடசுவரில் ஒரு சின்னத் துளை இருக்கிறது. 1329இல் கிறிஸ்டீன் கார்ப்பென்டர் என்ற பெண் துறவு பூண்டு, அந்தச் சுவரை ஒட்டிய அறைக்குள் வாழ்நாள் முழுவதும் அடைந்திருக்க ஒப்புக்கொண்டு போனாள். அந்தத் துளை வழியாகத்தான் பூசையைப் பார்த்தாள். பிறகு வெளியே வந்துவிட்டாள், 1332இல் மறுபடி உள்ளே போக அனுமதி கேட்டாள். இடையில் என்ன நடந்தது என்று அங்கே நிற்கும் ஒவ்வொரு முறையும் யோசிப்பேன். அம்மாவிடம் சொன்னால் அம்மாவும் யோசிப்பார்.

ஆனாலும் இந்த முறை ஷியர் வேண்டாம் என்று சீக்கிரமே முடிவுக்கு வந்துவிட்டேன். கில்ஃபோர்டிலோ ரெட்ஹில்லிலோ வண்டி மாற வேண்டும், காம்ஷலில் எல்லா வண்டியும் நிற்பதில்லை. ஒன்றை விட்டால் வெறும் நடைமேடையில் நெடுநேரம் காத்திருப்பு. கழிவறை ஷியரில் உண்டு, காட்டுக்குள் நுழைந்துவிட்டால் அந்தப் பேச்சுக்கே இடமில்லை. வயல் இருக்கிறது, ஆனால் காட்டுக்கு முன் அது சிறியது. அம்மா கேட்டதோ வயல். எல்லாவற்றுக்கும் மேல், பாதி வழியில் அம்மாவுக்கு முடியாமல் போனால் ஹர்ட்வுட் நடுவிலிருந்து வெளியேற வழி நடைதான். நண்பர்களோடு குளிர்காலத்தில் போகிறவர்களுக்கு மூன்றில் இதுவே முதலிடம். எங்களுக்கு அல்ல.

மூன்றாவது கென்ட்டில் உள்ள ஷோரம். டிக்கெட் எடுக்கும்போது கவனம்: சசெக்ஸ் கடற்கரையில் ஷோரம்-பை-சீ என்று இன்னொரு ஊர் இருக்கிறது, அது முற்றிலும் வேறு திசை. நமக்கு வேண்டியது செவனோக்ஸ் போகும் தேம்ஸ்லிங்க் பாதையில் வருவது. லண்டன் பிளாக்ஃபிரையர்ஸ் நிலையத்தில் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் வந்துவிடும், வண்டி மாற வேண்டாம்.

நிலையத்திலிருந்து பத்து நிமிடத்தில் கிராமம். நடுவே டாரன்ட் ஆறு, ஆறு என்றாலும் நம் கண்ணுக்கு வாய்க்கால்தான். தெளிந்த நீர், அடியில் கூழாங்கல். ஓவியர் சாமுவேல் பாமர் 1826 முதல் 1835 வரை இங்கே வாழ்ந்து, இந்தப் பள்ளத்தாக்கின் அறுவடையையும் நிலவொளியையும் வரைந்தார். மேற்குச் சரிவில் புல்லைச் சீவிச் சுண்ணாம்பு வெண்மை தெரியும்படி ஒரு பெரிய சிலுவை வெட்டியிருக்கிறார்கள், முதல் உலகப் போரில் இறந்த ஊர்க்காரர்களுக்காக 1920இல் செய்தது. ஊரிலிருந்து மேற்கே வயல் வழியாக மலையேறி, லல்லிங்ஸ்டன் பூங்காவின் காட்டுக்குள் நுழைந்தால் பல நூற்றாண்டு வயதுள்ள ஓக் மரங்கள், பொந்து விழுந்து, வயிறு பெருத்து. ஓரிடத்தில் கோல்ஃப் மைதானத்தைக் கடக்க வேண்டும், பந்து வருகிறதா என்று பார்த்துக் கடக்கலாம். அப்புறம் இறக்கம், ஆற்றங்கரையில் பூங்காவின் வரவேற்பு மையம். கழிவறை, தேநீர், உட்கார மேசை. அங்கிருந்து ஆற்றை ஒட்டி தெற்கே திரும்பினால் காசில் பண்ணையின் லாவெண்டர் வயல்கள், பிறகு ஷோரம். சுமார் 8 கிலோமீட்டர்.

அழகு என்று கேட்டால் ஆல்ட்பரிக் காட்டுக்கு இது ஈடில்லை. மேற்கே எம்25 நெடுஞ்சாலை ஓடுவதால் மேட்டில் நிற்கும்போது வண்டிகளின் இரைச்சல் சில நாட்களில் கேட்கும். அதை நான் மறைக்க விரும்பவில்லை. காட்டுக்குள் போவது அமைதிக்காக மட்டுமே என்றால் ஷோரத்தை விட்டுவிடுங்கள்.

ஆனால் வரைபடத்தை மேசையில் விரித்து விரலால் சுற்றிப் பார்த்தபோது ஒன்று கண்ணில் பட்டது. இந்த வட்டத்தின் ஒரு பாதி மலை, மறு பாதி ஆற்றங்கரைச் சமதரை. இரண்டும் ஷோரத்தில் பிரிந்து வரவேற்பு மையத்தில் சேர்கின்றன. அப்படியானால் நான்கு பேரும் ஒரே பாதையில் போக வேண்டிய அவசியமே இல்லை! நானும் அக்கா மகளும் மலை வழியாக, அம்மாவும் அக்காவும் ஆற்றங்கரை வழியாக. அவர்களுக்கு மூன்று கிலோமீட்டருக்குள்தான், வழியெல்லாம் வயல். மையத்தில் சேர்ந்து சாப்பிட்டுவிட்டு, எல்லோரும் ஆற்றங்கரையாகவே திரும்பலாம். அம்மாவுக்கு இறக்கமே கிடையாது. அன்று அம்மாவுக்குக் கால் நன்றாக இருந்து, ஏற ஆசை வந்தால் எங்களோடு வரலாம். எனக்கே மழையால் மனம் மாறினால் எல்லோரும் ஆற்றங்கரை. யாருக்கும் உடம்பு முடியாமல் போனால் மையத்திலிருந்து வடக்கே ஐன்ஸ்ஃபர்ட் நிலையம் நடந்துபோகும் தூரம், அதே ரயில் பாதை.

இத்தனை நாள் தூரத்தையும் ஏற்றத்தையும் மட்டுமே ஒப்பிட்டுக்கொண்டிருந்தேன். பல வயதுக்காரர்கள் சேர்ந்து போகும்போது வட்டத்தை எங்கே உடைக்க முடியும் என்பதுதான் முதலில் கேட்க வேண்டிய கேள்வி. ஆல்ட்பரியில் உடைத்தால் அம்மா குளக்கரையில் இரண்டு மணி நேரம் தனியாக உட்கார்ந்திருக்க வேண்டும். ஷியரில் உடைக்கவே முடியாது. ஷோரத்தில் உடைத்த துண்டே ஒரு முழு நடையாக நிற்கிறது.

நேரக் கணக்கு: மலைநடைக்காரர் நெய்ஸ்மித் 1892இல் சொன்ன விதி இன்றும் எல்லோரும் எடுத்துக்கொள்வது. மணிக்கு ஐந்து கிலோமீட்டர், அதோடு 600 மீட்டர் ஏற்றத்துக்கு ஒரு மணி நேரம் கூடுதல். ஷோரம் வட்டத்துக்கு அப்படிப் பார்த்தால் இரண்டு மணி நேரம்கூட வராது. குழந்தையோடு போகிறவர்கள் அதை இரண்டால் பெருக்கிக்கொள்ளுங்கள். ஜூலையில் ஒன்பது மணிவரை வெளிச்சம் இருப்பதால் கவலையில்லை. டிசம்பரில் நான்கு மணிக்கு முன்னரே சூரியன் போய்விடும், அப்போது இதே நடையைக் காலை பத்து மணிக்கே தொடங்கியாக வேண்டும்.

ரயில் செலவில் மூன்றுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. மூன்று பெரியவர்கள் சேர்ந்து போனால் நெரிசல் இல்லாத நேரத்தில் குரூப்சேவ் என்ற கூட்டுச் சலுகை மூலம் மூன்றில் ஒரு பங்கு குறையும். குழந்தைக்குப் பாதி. ஞாயிற்றுக்கிழமைகளில் தண்டவாள வேலைக்காக வண்டியை நிறுத்திப் பேருந்து விடுவார்கள், முந்தின இரவே பார்த்துவிட வேண்டும்.

ஒரு விஷயத்தை மட்டும் அம்மாவிடம் முன்கூட்டியே உட்கார்ந்து பேச வேண்டும்: மாடு. அம்மா மாட்டோடு வளர்ந்தவர். கன்றைக் கண்டால் கழுத்தைச் சொறியக் கை நீளும். இங்கத்திய மேய்ச்சல் மாடுகள் அப்படி மனிதர் கை பட்டு வளர்ந்தவை அல்ல. கன்றோடு நிற்கும் பசு திடீரென்று மொத்தக் கூட்டத்தோடும் பாய்ந்து வரும், நடப்பவர்கள் மிதிபட்டு இறந்ததும் உண்டு. கன்றுக்கும் தாய்க்கும் நடுவே போகக் கூடாது, ஓடக் கூடாது, பாதை கூட்டத்துக்கு நடுவே போனால் தள்ளிச் சுற்றிப் போகலாம். நாயோடு போகிறவர்கள் மாடு துரத்தினால் கயிற்றை விட்டுவிட வேண்டும், நாய் தப்பித்துக்கொள்ளும். மாட்டைக் கண்டு பயப்படாத அம்மாதான் எனக்குப் பயம்.

வேலியில் ஏறி இறங்கும் மரப்படிகளும் முழங்காலுக்குச் சோதனைதான். அவற்றின் இடத்தில் கதவு வைக்கும் வேலை பல இடங்களில் நடந்திருக்கிறது, ஆனாலும் எந்த வட்டத்திலும் ஒன்றிரண்டு எதிர்ப்படலாம். அம்மாவைப் பின்பக்கமாகத் திரும்பி, ஏணியில் இறங்குவதுபோல இறங்கச் சொல்லியிருக்கிறேன். புடவை வேண்டாம், சுடிதார் போட்டுக்கொள்ளுங்கள் என்றேன். உயரப் புல்லில் உண்ணி இருக்கும், கடித்தால் லைம் நோய் வரக்கூடும். காலுறைக்குள் கால்சட்டை நுனியைச் செருகிக்கொண்டு, வீட்டுக்கு வந்ததும் முழங்காலுக்குப் பின்னால் பார்த்துவிட வேண்டும்.

ஆக ஜூலை இரண்டாவது ஞாயிறு ஷோரம். லாவெண்டர் அறுவடைக்கு முன் நீலமாக நிற்கும் நாட்கள் அவை. பொதுப்பாதையிலிருந்து பார்க்க யாரையும் கேட்க வேண்டாம், செடிகளுக்கு நடுவே இறங்குவதென்றால் பண்ணையின் அனுமதி வேண்டும். ஆல்ட்பரியை நான் கைவிடவில்லை. பீச் இலைகள் செம்பு நிறமாகும் அக்டோபர் கடைசியில், மழை பெய்யாத ஒரு வாரமாகப் பார்த்து, நிலையத்திலிருந்து குளக்கரைவரை மட்டும் அம்மாவைக் கூட்டிப்போவேன். போக வர மூன்று கிலோமீட்டர். பருந்துகளைப் பார்க்க மலையேற வேண்டியதில்லை, குளக்கரைப் பெஞ்சில் உட்கார்ந்து நிமிர்ந்தால் போதும். நவம்பரில் அவர் ஊருக்குத் திரும்பிய பிறகு, ஷியருக்கு நான் தனியாகப் போய்க்கொள்கிறேன்.